கிதேயின் வருகைப்பதிவு

மார்ச் மாதத் தொடக்கத்தில் கிதேயின் படகு கவிழ்ந்தது. எங்கள் ஊர் ஹூபோ துறைமுகத்திலிருந்து நண்டு பிடிக்கக் கிளம்பிய படகு, வர வேண்டிய அன்று வரவில்லை. மறுநாள் கடலோரக் காவல் படையினர் அதைத் தலைகீழாக மிதக்கக் கண்டார்கள். சிலர் உள்ளேயே இறந்து கிடந்தார்கள். மற்றவர்களை அலை தெற்கே பக்கத்து ஊர்க் கரையில் ஒதுக்கியது. கிதே மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை.

அவனுடைய அம்மா மியோங்சிம், என் பார்லருக்கு எதிர்ச் சந்தில் இருப்பவள். கணவாய் கிழித்துக் காயப்போடும் கொட்டகையில் வேலை. துறைமுகத்துப் பெண்களுக்கெல்லாம் முடி சுருட்டிவிடுவது நான்தான், அவளுக்கும் நான்தான். எங்கள் ஊரில் பெண்களைப் பிள்ளையின் பெயரை வைத்துத்தான் கூப்பிடுவோம். அவள் கிதே அம்மா. படகு கவிழ்ந்த பிறகு அவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், எதிரே வந்தவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

தேடுதலை நிறுத்திவிட்டதாக அறிவித்த அன்று அவள் என் கடைக்கு வந்தாள். குழந்தையைத் தூக்கி வருவதுபோல ஒரு லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்திருந்தாள். நாற்காலியில் ஒருத்தி தலை நிறையச் சுருளோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் இவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தங்கச்சி, உன் கடையில இன்டர்நெட் நல்லா வருமில்ல?" என்றாள் மியோங்சிம்.

விஷயம் இதுதான். கிதே படகில் வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் மின்பொறியியல் பட்டம் படித்துவந்தான். கடைசி செமஸ்டர் தொடங்கியிருந்தது. வாரா வாரம் பாடத்தைக் கணினியில் ஏற்றிவிடுவார்கள். கெடு முடிவதற்குள் பார்த்துவிட்டால் அன்றைய வகுப்புக்கு வந்ததாகக் கணக்கு, இல்லையென்றால் ஆப்சென்ட். நடுக்கடலில் சிக்னல் கிடையாது. அதனால் கடலுக்குப் போகும் வாரங்களில் அவன் அம்மாவிடம் பாஸ்வேர்டைக் கொடுத்து, பாடத்தை ஓடவிடச் சொல்லிவிட்டுப் போவான். திரும்பி வந்து தானே உட்கார்ந்து மறுபடி முழுவதும் பார்ப்பான். செய்யக்கூடாத காரியம்தான். படகில் இருந்துகொண்டு படிக்கிற பையன்களுக்கு வேறு வழியும் இல்லை.

அன்று காலை அவளுடைய போனுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து குறுஞ்செய்தி வந்திருந்தது. மாணவர் குவாக் கிதே இந்த வார வகுப்புகளை இன்னும் பார்க்கவில்லை.

"ஆப்சென்ட் சேந்துபோச்சுன்னா ஃபெயில் போட்டுருவாங்க. வந்து நிப்பான், ஏம்மா போட்டு விடலன்னு கேப்பான். நான் என்ன சொல்றது?"

துண்டுகள் காயப்போட்டு நான் மதியம் சாப்பிடும் பின்னறையின் திரையை விலக்கிவிட்டேன். அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பேராசிரியரின் குரல் கேட்டது. மின்னோட்டம், மின்னழுத்தம் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனது அந்தக் குரல்.

வீட்டில் வைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை. புருஷன் சாங்தொக் முன்பு படகு ஓட்டியவர். முதுகு போன பிறகு கரையில் வலை பின்னுகிறார். கடலைத் தெரிந்தவர். படகைத் தலைகீழாகக் கண்ட அன்றே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மற்ற குடும்பங்கள் சடங்கை முடித்துவிட்டன. உடல் கிடைக்காவிட்டாலும், வீட்டார் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் இறந்ததாகப் பதிவு செய்துவிடலாம் என்று கடலோரக் காவல் அதிகாரி வந்து சொல்லிவிட்டுப் போனார். சாங்தொக் கையெழுத்துப் போடத் தயார். பெட்டியில் அவன் துணியை வைத்தாவது பிள்ளையை அனுப்பிவைக்க வேண்டும், இப்படி நடுவில் தொங்கவிடக்கூடாது என்றார். மியோங்சிம் ஒரே பிடியாக நின்றாள். பெயரை இங்கே அடித்தால் பல்கலைக்கழகத்திலும் அடித்துவிடுவார்கள் என்பதுதான் அவள் சொன்ன காரணம். இரண்டு பேரும் சண்டை போடுவது சந்து முழுக்கக் கேட்கும். ஒருநாள் அவர் அந்த லேப்டாப்பைத் தூக்கிச் சுவரில் அடிக்கப் போயிருக்கிறார். அவள் அவர் கையைக் கடித்து அதைப் பிடுங்கி, செருப்புக்கூடப் போடாமல் என் கடைக்கு ஓடிவந்தாள்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஊரில் பேசாதவர்கள் இல்லை. எனக்குக் கொஞ்சம் தெரியும். இந்த ஜூனோடு படிப்பு முடிந்துவிடும். பட்டம் கையில் வந்தால் பக்கத்து மின்நிலையத்தில் பராமரிப்பு வேலைக்கு மனுப்போடலாம் என்று கிதே சொல்லியிருந்தான். கடைசியாகக் கடலுக்குக் கிளம்பிய அன்று ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டே, "இந்த ஒரு சீசன்தாம்மா, அப்புறம் மீன் நாத்தமே கிடையாது" என்றானாம். மீதி இருந்தது அந்த ஒரு செமஸ்டர்தான். அதைப் பிடித்துக்கொண்டால் அவனையும் பிடித்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

முதலில் பாடத்தை வெறுமனே ஓடவிட்டாள். கணவாய்க் கொட்டகையிலிருந்து நேரே வந்து, கைநாற்றத்தோடு திரைக்கு முன்னால் உட்காருவாள். ஒன்றும் புரியாது. பேராசிரியர் சிரித்தால் அவளும் லேசாகச் சிரிப்பாள். அப்புறம் ஏப்ரலில் இடைப்பருவத் தேர்வு வந்தது. அதை ஓடவிட்டுவிட்டு எழுந்து போக முடியாது, விடை சொல்ல வேண்டும். நடுநிலைப் பள்ளியோடு நின்றவள் அவள். கேள்விகளுக்குக் கீழே இருந்த விடைகளில் கண்ணில் பட்டதை அமுக்கினாள். மதிப்பெண் வந்தபோது என் பின்னறையில் தலையில் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எம்புள்ள இவ்வளவு மோசமா வாங்குனதே இல்ல தங்கச்சி. நாந்தான் அவன் பேரக் கெடுக்கறேன்."

அன்றிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். முடி சுருட்டிவிடும்போது பின்னாலிருந்து அவள் முணுமுணுப்பது கேட்கும். மின்தடை என்றால் என்ன என்று என்னிடம் கேட்பாள். ஹேர் டிரையர் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு நான் முழிப்பேன். கடைசியில் துணிந்து, கிதேயின் பெயரிலேயே வகுப்புக் குரூப்பில் கேட்டுவிட்டாள். ஓம் விதி என்றால் என்ன?

குரூப்பில் பியோ என்று ஒருவர் இருந்தார். இஞ்சோனில் லிஃப்ட் பழுது பார்ப்பவர், ஐம்பதைத் தாண்டியவர், எல்லோருக்கும் அண்ணன். உடனே பதில் வந்தது. மியோங்சிம் அதை எனக்குப் படித்துக் காட்டினாள்.

"என்னடா தம்பி, போன செமஸ்டர்ல எனக்கே சொல்லிக்குடுத்த ஆளு நீ. இப்ப ஓம் விதி கேக்குற. படகுல எங்கயாவது மண்டைய இடிச்சுக்கிட்டியா?"

அவள் யோசித்து யோசித்து, உடம்பு சரியில்லை அண்ணே, எல்லாம் மறந்துபோகிறது என்று தட்டினாள். அதற்குப் பிறகு பியோ தினமும் எழுதினார். லிஃப்ட் அறையில் மின்பெட்டியைத் திறந்து படம் எடுத்து அனுப்பி, இது இதற்காக, அது அதற்காக என்று விளக்கினார். தப்பாகச் சொன்னால் திட்டினார். நண்டுத் தலையா என்றார். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்டார். தேஜோனில் தீயணைப்புக் கருவிக் கடையில் வேலை செய்யும் ஹேரிம் என்ற பெண்ணும் அவ்வப்போது வந்து, கிதேவைக் கிண்டல் செய்துவிட்டுப் போவாள்.

மியோங்சிம் அந்தத் திட்டுகளை வாய்விட்டுப் படிப்பாள். படித்துவிட்டுச் சிரிப்பாள். வெளியே ஊர் முழுக்க அவனைப் பற்றி "இருந்தான்" என்று பேச ஆரம்பித்திருந்தது. அந்தக் குரூப்பில் மட்டும்தான் அவனை யாராவது திட்டினார்கள். இதற்கு மேல் அவளைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை.

மே கடைசியில் எல்லாம் வெளியே வந்தது. பியோ, ஹேரிம், கிதே மூவரும் சேர்ந்து செய்ய வேண்டிய ஒரு திட்டப்பணி இருந்தது. மூவரும் கேமராவில் முகம் காட்டி அதை விளக்க வேண்டும். அதற்கு முன் ஒத்திகை பார்க்கலாம் என்று பியோ கூப்பிட்டார். கேமரா கெட்டுவிட்டது என்று அவள் ஒருமுறை தப்பித்தாள். மறுமுறை, புதுசு வாங்கி அனுப்புகிறேன், முகவரி சொல் என்று கேட்டார் அவர். மூன்றாவது முறை, அவனை விட்டுவிட்டு நாம் இருவரே செய்துவிடலாம், பெயரை எடுத்துவிடலாம் என்று ஹேரிம் எழுதினாள். பெயரை எடுப்பது என்றதும், இனித் தள்ளிப்போட முடியாது என்று மியோங்சிம் முடிவெடுத்தாள்.

மதியம். கடையில் ஆள் இல்லை. அவள் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, முடியைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரிக்கொண்டு, கேமராவைத் திறந்தாள்.

திரையில் இரண்டு முகங்கள். லிஃப்ட் கம்பெனிச் சட்டையில் வழுக்கைத் தலை ஒருவர். கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி. அவர்கள் அவளைப் பார்த்தார்கள்.

"கிதேவோட அம்மாவா?" என்று ஹேரிம் கேட்டாள். "அவன் எங்கம்மா?"

"கடல்ல இருக்கான்."

"எப்ப வருவான்?"

மியோங்சிம் என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன். மார்ச்சில் படகு கவிழ்ந்ததையும், அவன் மட்டும் இன்னும் கிடைக்காததையும் சொன்னேன். செய்தியில் வந்ததே, நீங்கள் பார்க்கவில்லையா என்றேன். படகு கவிழ்ந்ததைப் பார்த்ததாக பியோ முணுமுணுத்தார். அது இவன் படகு என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. குரூப்பில் கிதே தினமும் பேசிக்கொண்டிருக்கும்போது எப்படித் தோன்றும்?

"அப்ப ஏப்ரல்ல எங்கிட்ட ஓம் விதி கேட்டது?" என்றார் அவர்.

"நாந்தாங்க."

அவர் முகத்தைக் கேமராவிலிருந்து திருப்பிக்கொண்டார். நாங்கள் அவருடைய காதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஹேரிம் அழவில்லை. வெளிறிப்போயிருந்தாள். "அம்மா, நீங்க என்ன பண்ணிருக்கீங்கன்னு தெரியுதா? ஆள் மாறி பரீட்சை எழுதுனது தெரிஞ்சா அவன் பேரு மட்டும் போகாது. எங்க குரூப்பு மொத்தமும் போயிரும். எனக்கு ரெண்டு பிள்ளைங்க. அதுங்க தூங்குன பிறகு உக்காந்து நாலு வருஷமா படிச்சிருக்கேன்."

"இன்னும் கொஞ்ச நாள்தாம்மா," என்றாள் மியோங்சிம். "பட்டம் வந்துரட்டும். வந்ததும் நானே போய்ச் சொல்லிடறேன். ஜெயில்ல போட்டாலும் சரி."

"யாருக்கும்மா பட்டம்?"

இதைக் கேட்டதும் மியோங்சிம் நாற்காலியிலிருந்து இறங்கினாள். தரையில் மண்டியிட்டு, லேப்டாப்புக்கு முன்னால் இரண்டு கைகளையும் சேர்த்துத் தேய்த்துக் கெஞ்சினாள். தன் மகள் வயசுப் பெண்ணின் காலில் விழாத குறை. தரையில் கிடந்த வெட்டிய முடி அவள் முழங்காலில் ஒட்டியிருந்தது. நான் தூக்கப் பார்த்தேன், அசையவில்லை. ஹேரிம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். திரை இருண்டது, அவள் போய்விட்டாள்.

பியோ மட்டும் இருந்தார். அவர் மெதுவாகச் சொன்னார்: "நீங்களே போன் பண்ணிச் சொல்லிருங்கம்மா. மத்தவங்க சொல்லித் தெரிஞ்சா அவனுக்குத்தான் அசிங்கம். அவன் யாரையும் ஏமாத்துற பையன் இல்ல."

கடைசி வாக்கியம்தான் அவளை எழுப்பியது என்று நினைக்கிறேன். இரண்டு நாள் படுத்துக் கிடந்தாள். மூன்றாம் நாள் என் கடையிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பேசினாள். எடுத்தது சின்னப் பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கொஞ்சம் லைனில் இருங்கள் என்றது. வெகுநேரம் பாட்டு ஓடியது. பிறகு ஒரு ஆணின் குரல் வந்தது. மரியாதையான குரல்தான். இந்த செமஸ்டர் செல்லாது, அதை ரத்து செய்வதைத் தவிர வேறு வழியில்லை, முன்பு படித்ததெல்லாம் அப்படியே இருக்கும் என்றார். மற்ற இருவரின் மேல் தப்பில்லை என்று எழுதிக்கொள்வதாகவும் சொன்னார். அப்புறம், அவர் இரக்கப்பட்டுத்தான் சொன்னார், ஆனால் சொல்லாமல் இருந்திருக்கலாம்:

"மார்ச்லயே ஒரு வார்த்தை சொல்லிருந்தீங்கன்னா, படிப்ப நிறுத்தி வெச்சிருக்கலாம்மா. காணாமப் போனவங்களுக்கு வீட்டுல இருந்தே மனு குடுக்கலாம். அவர் எடம் அப்படியே இருந்திருக்கும். இப்ப பரீட்சை எழுதியாச்சு, ஒண்ணும் பண்ண முடியல."

அவள் போனை வைத்தாள். அழவில்லை. "நான் சும்மா இருந்திருந்தா அவன் எடம் இருந்திருக்கும்," என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கணவாய்க் கொட்டகைக்குப் போகவில்லை. சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் நான் கடையைத் திறப்பதற்கு முன்பே வாசலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வந்து லேப்டாப்பைத் திறந்து பாஸ்வேர்டைத் தட்டினாள். இந்த செமஸ்டரில் இப்படி ஒரு மாணவர் பதிவில் இல்லை என்று வந்தது. மறுபடி தட்டினாள். மறுபடியும் அதேதான். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து, தப்பில்லாமல் தட்டினாள். நான் அவள் கையைப் பிடித்தால் உதறிவிட்டுத் தட்டினாள். எனக்குப் பயமாகிவிட்டது. ஓடிப்போய்ச் சாங்தொக்கைக் கூட்டிவந்தேன்.

ஆம்பிளைகள் நுழையாத கடை என்னுடையது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முடிக்கு ஆவி காட்டும் இயந்திரத்துக்குக் கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். வெகுநேரம் அவள் தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் கூப்பிட்டேன்," என்றார்.

அவள் திரும்பவில்லை.

"தெனமும் காலையில பழைய கூட்டாளி சிம்மோட படகுக்குப் போய் ரேடியோவத் தொறந்து கூப்பிட்டேன். படகு பேரச் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் பேரச் சொல்லியும் கூப்பிட்டேன். கடல்ல இருக்கற பயலுக எல்லாம் கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு இருந்தானுக. போன வாரம் ஒருத்தன், அப்பா, போதும்பா, எங்களால வல இழுக்க முடியலன்னான்."

மியோங்சிம்மின் விரல் நின்றது.

"என்னத்துக்குக் கூப்பிட்ட?" என்றாள். "செத்துட்டான்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன்."

"சொல்லிட்டு?"

"சொல்லிட்டுப் போயி கூப்பிட்டேன்."

அவள் எழுந்து அவரிடம் போனாள். அடித்தாள். தோளில், நெஞ்சில், கை வலிக்கும் வரைக்கும் அடித்தாள். அவர் தொப்பியைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் வாங்கிக்கொண்டார். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் திரையை இழுத்துவிட்டு வெளியே வந்து, கடை மூடியிருப்பதாகப் பலகையைத் திருப்பினேன்.

அந்த வாரமே கையெழுத்துப் போட்டார்கள். ஆஸ்பத்திரியோடு சேர்ந்த சாவுக்கூடத்தில் சின்ன அறை எடுத்து, பெட்டியில் அவனுடைய சட்டையும் ஒரு ஜோடி உள்ளாடையும் வைத்து, படத்துக்குக் கறுப்பு நாடா கட்டினார்கள். நாங்கள் மாட்டிறைச்சிக் காரக்குழம்பும் சோறும் பரிமாறினோம். துறைமுகமே வந்தது. படகுக்காரர்கள் குடித்துவிட்டு அங்கங்கே சுவரில் சாய்ந்திருந்தார்கள். மியோங்சிம் துக்கத்துக்கான வெள்ளை ரிப்பனைத் தலையில் குத்திக்கொண்டு படத்துக்கு அருகே உட்கார்ந்திருந்தாள். யார் வணங்கினாலும் பதிலுக்கு வணங்கினாள். கண் எங்கேயோ இருந்தது. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது. புருஷனுக்காக உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் மத்தியானம் பியோ வந்தார். கோட்டுப் போட்டு, வழுக்கைத் தலை வியர்க்க, இஞ்சோனிலிருந்து குறுக்கே நாட்டையே கடந்து ஓட்டிவந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஹேரிம். படத்துக்கு முன்னால் நின்றதும் பியோ, "ஏய், இவ்வளவு சின்னப் பையனாடா நீ" என்றார். அதற்கு மேல் பேச முடியாமல் தரையில் விழுந்து வணங்கினார். கேமரா வைத்துப் பேசும் தேவை முன்பு வந்ததே இல்லையாம், எழுத்தும் குரலும்தான். முகத்தை இன்றுதான் பார்க்கிறார்கள்.

ஹேரிம் வணங்கி எழுந்து மியோங்சிம்மின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. அன்று கோபப்பட்டது தப்பு என்றும் சொல்லவில்லை. திட்டப்பணியை இரண்டே பேராக முடித்துக் கொடுத்துவிட்டோம், தேறிவிடுவோம் என்று மட்டும் சொன்னாள். மியோங்சிம் தலையாட்டினாள். நான் அவர்களுக்குச் சோறு கொண்டுபோய் வைத்தேன். ஹேரிம் கரண்டியை எடுத்து, எடுத்ததைக் கீழே வைத்தாள்.

"போன வருஷம் நான் விட்டுறலாம்னு இருந்தேம்மா. கணக்குல ரெண்டு அரியர். பிள்ளைக்கும் காய்ச்சல். விட்டுடறேன்னு குரூப்புல எழுதிட்டு போனத் தூக்கிப் போட்டுட்டேன். கரைக்கு வர்ற வழியில படிச்சிருப்பான் போல. உடனே கூப்பிட்டான். ஒரே காத்துச் சத்தம், என்ன சொல்றான்னே கேக்கல."

மியோங்சிம் நிமிர்ந்தாள். "என்ன சொன்னான்?"

"அக்கா, நீங்க போயிட்டா கடைசி மார்க்கு எனக்குத்தான் வரும், தயவுசெஞ்சு அந்த எடத்தக் காலி பண்ணாதீங்கன்னான்."

பியோ குழம்புக் கிண்ணத்தைப் பார்த்தபடியே சிரித்துவிட்டார். சிரித்ததில் கண்ணீர் மூக்கு வழியாக வந்தது. மியோங்சிம்மின் உதடு கோணியது. சிரிக்கப் போகிறாளா அழப் போகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவள் முழங்காலால் நகர்ந்து, சோற்றுத் தட்டைத் தாண்டி, ஹேரிம்மின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சொற்கள் எதுவும் அவளுக்கு முன்பே தெரிந்தவை அல்ல. மகன் பேசியவற்றில் அவள் இன்னும் கேட்காதவையும் இருந்தன என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அப்புறம்?" என்றாள். "அப்புறம் என்ன சொன்னான்? மெதுவாச் சொல்லும்மா. எனக்கு நேரம் இருக்கு."